மெம்பர் ஆனவனும் அச்சுக் கோத்தவனும்

அவன் நகர சபைக்கு ஜெயித்த அன்று சாயங்காலம் எங்கள் அச்சுக்கூடத்து வாசலில் பட்டாசு வெடித்தார்கள். அச்சுக்கூட முதலாளி தன் கையாலேயே எல்லோருக்கும் கல்கண்டு கொடுத்தார். அவர் கடைவீதியில் மூன்று தலைமுறையாக இருக்கும் முஸ்லிம் குடும்பத்துக்காரர்; லேசில் சந்தோஷத்தைக் காட்டாதவர். அன்று எனக்கும் ஒரு பிடி கல்கண்டு கொடுத்து, "என்ன தம்பி, ஒங்க கூட்டாளி மெம்பராயிட்டாரு" என்றார். நான் அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு உள்ளே போனேன். மறுநாள் கொடுக்க வேண்டிய ஒரு கல்யாணப் பத்திரிகை பாதியில் நின்றது. எழுத்துப் பெட்டிக்கு முன்னால் நின்று அதைக் கோக்கத் தொடங்கினேன். வெளியே அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு போகிற சத்தம் கேட்டது. மணமகன் பெயரை இரண்டு தடவை தப்பாகக் கோத்துவிட்டுப் பிரித்தேன்.

டவுனின் பெயர் வேண்டாம். கண்டிப் பக்கமிருந்து ரயிலில் வந்தால் மலை ஏறி ஏறிக் கடைசியில் வருகிற டவுன்களில் ஒன்று. ஒரே ஒரு கடைவீதி, அதற்கு மேலே துரைமாரும் பெரிய உத்தியோகத்தரும் இருக்கும் மேல்ரோடு, கீழே பின்சந்து. சலூன்காரர், சலவைக்காரர், மூட்டை தூக்குகிறவர்கள், தெருக் கூட்டுகிறவர்கள் எல்லாம் பின்சந்தில். நானும் அங்கேதான் ஒரு அறையில் குடியிருந்தேன். கடைவீதியும் பின்சந்தும் சேர்ந்து ஒரு வட்டாரம். அந்த வட்டாரத்துக்குத்தான் அவன் மெம்பர்.

அவனும் நானும் கொட்டகலைப் பக்கத்தில் ஒரே தேயிலைத் தோட்டத்தில், ஒரே லயத்து வரிசை வீடுகளில் பிறந்தவர்கள். இடையில் இரண்டு காம்பிராதான், இரண்டு அறை. சுதந்திரம் கிடைத்து ஒரு வருஷம் ஆகியிருக்கும், நான் முதலில் டவுனுக்கு வந்து அச்சுக்கூடத்தில் சேர்ந்தேன். ஆறு மாதம் கழித்து, நம்ம ஆள் ஒருத்தன் இருக்கிறான் என்று முதலாளியிடம் சொல்லி அவனைக் கூட்டி வந்தேன். ஈய எழுத்து ஒவ்வொன்றும் பெட்டியில் எந்தக் குழியில் இருக்கும் என்று அவனுக்குக் கைபிடித்துக் காட்டியது நான். இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், பின்னால் வந்த வருஷங்களில் இதையே நான் மனதுக்குள் ஆயிரம் தடவை சொல்லிக்கொண்டேன். யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

பேச்சு எனக்குத்தான் வரும். சலூனுக்குப் பின்னால் எங்களுக்கு ஒரு வாசிகசாலை இருந்தது. ஞாயிற்றுக்கிழமை தோட்டத்து ஆட்கள் சாமான் வாங்க டவுனுக்கு வரும்போது அங்கே கூடுவார்கள். நான் பத்திரிகையை வாசித்துக் காட்டி, அதன் மேல் பேசுவேன். ஆட்கள் பஸ்ஸை விட்டுவிட்டு நின்று கேட்பார்கள். அவன் பாய் விரிப்பான், வந்தவர்களுக்குப் பால் விடாத பிளேன்டி ஊற்றிக் கொடுப்பான், பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்து கேட்பான். சலூன்காரர் என் முகத்தைச் சவரம் செய்யும்போது, "தம்பி, நீங்க ஒருநாளு தலைவரா வருவீங்க, பாருங்க" என்பார். நான் சிரித்து மழுப்புவேன். ஆனால் நம்பினேன்.

பிறகு பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது; தோட்டத்துத் தமிழர் இலங்கையிலேயே விடாமல் இருந்ததற்குக் கடுதாசி காட்டினால்தான் பிரஜை, வோட்டு. எங்கள் இரண்டு குடும்பமும் மனுப் போட்டன. அவனுடைய அப்பா தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்தவர். வாசிக்கத் தெரியாது. ஆனால் கைக்குக் கிடைத்த ஒவ்வொரு கடுதாசியையும் ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு வைத்திருந்தார். பிள்ளைகள் பிறந்த துண்டுச்சீட்டு, அம்மை குத்திய துண்டு, பள்ளிக்கூடத்துத் துண்டு எல்லாம் அதில் இருந்தன. எங்கள் வீட்டில் அப்படியில்லை. அதைவிட, நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது அம்மாவுக்கு நோய் வந்து, அப்பா எங்களை எல்லாம் திருச்சிப் பக்கம் கூட்டிக்கொண்டு போய்விட்டார். அம்மா அங்கேயே செத்துப்போனாள். நாங்கள் திரும்பி வர ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. விசாரணையில் அதிகாரி அப்பாவிடம் கேட்டார். அப்பா உள்ளதைச் சொன்னார். அவ்வளவுதான். இடையில் நாட்டை விட்டுப் போனவர்கள் என்று எங்கள் மனு தள்ளுபடியானது. அவர்கள் மனு நிறைவேறியது. இரண்டு வீட்டுக்கும் ஒரே மாதிரி உறைதான் வந்தது. நாங்கள் இரண்டு பேரும் அச்சுக்கூடத்து வாசலில் நின்று பிரித்தோம். அவன் தன்னுடையதை வாசித்துவிட்டு, என் முகத்தைப் பார்த்து, சத்தமில்லாமல் மடித்துப் பைக்குள் வைத்தான்.

சில வருஷம் கழித்து நகர சபைத் தேர்தல் வந்தபோது வாசிகசாலையில் பேச்சு நடந்தது. எங்கள் வட்டாரத்தில் வோட்டு உள்ள தமிழர் கொஞ்சம்தான். சிங்களவர், முஸ்லிம்கள் வோட்டும் சேர்ந்தால் நம் ஆள் ஒருவர் ஜெயிக்கலாம் என்று கணக்குப் போட்டார்கள். "நிக்கிறதுன்னா நீங்கதான் நிக்கணும்" என்று சலூன்காரர் என்னைப் பார்த்துச் சொன்னார். சொன்ன பிறகுதான் அவருக்கு ஞாபகம் வந்தது. எனக்கு வோட்டே கிடையாது. பிறகு யாரோ, "அப்ப இவரு நிக்கட்டும். நீங்க பின்னாலருந்து எல்லாம் பாத்துக்குங்க" என்று அவனைக் காட்டினார்கள். அவன் பிளேன்டிக் கோப்பைகளை எடுத்துக்கொண்டிருந்தான். "எனக்குப் பேசத் தெரியாதுங்களே" என்றான்.

அதனால் நான் எழுதிக் கொடுத்தேன். அவன் பாடம் பண்ணினான். கூட்டங்களில் என்னுடைய வாக்கியங்கள் அவன் வாயிலிருந்து வந்தன. நான் கூட்டத்தின் கடைசியில் நின்று, அடுத்து என்ன சொல்லப்போகிறான் என்று உதட்டை அசைத்துக்கொண்டிருப்பேன். ஒருநாள் என் பக்கத்தில் நின்ற ஒரு மனிதர், "அடேயப்பா, என்னமா பேசுறாரு" என்றார். நான் அவரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. சிங்களவர்களிடம் பேசும்போது மட்டும் அவன் சொந்தமாகப் பேசினான். அவனுக்குச் சிங்களம் நன்றாக வரும். எனக்கு வராது. விரல்விட்டு எண்ணக்கூடிய வோட்டு வித்தியாசத்தில் ஜெயித்தான்.

ஜெயித்த பிறகு முதல் சங்கடம் அவனை எப்படிக் கூப்பிடுவது என்பது. அதுவரை டேய் என்றுதான் கூப்பிடுவேன். முதலாளி, "வாங்க மெம்பர்" என்று நாற்காலியைத் தள்ளிப் போட ஆரம்பித்துவிட்டார். அவன் அச்சுக்கூட வேலையை விட்டுவிடவில்லை; காலையில் வேலை செய்வான், மத்தியானத்துக்கு மேல் சபை வேலை. ஒருநாள் ஆட்கள் இருக்கும்போது வாய் தவறி, "டேய், அந்தப் புரூப்ப எடு" என்று சொல்லிவிட்டேன். வாசலில் நின்ற ஒரு கிழவர், "மெம்பரப் போயி டேய்ங்கிறீங்களே" என்று என்னைக் கண்டித்தார். அவன் சிரித்துக்கொண்டு, "அது எங்க லயத்துப் பேச்சுங்க" என்றான். அவன் அப்படி என்னைக் காப்பாற்றியது, அந்தக் கிழவரின் கண்டிப்பைவிட எனக்கு அதிகமாக வலித்தது. அன்றிலிருந்து நான் அவனை எப்படியும் கூப்பிடாமல், பக்கத்தில் போய் நின்று பேசப் பழகிக்கொண்டேன்.

மூன்று வருஷத்தில் அவன் செய்ததை நான் ஒன்று விடாமல் சொல்ல முடியும். அவனைவிட நான்தான் அதைக் கவனித்தேன். ஸ்டேஷனுக்கு ஏறும் படிக்கட்டில் இரண்டு விளக்கு. தெருக் கூட்டுகிறவர்களின் லயத்துக்குப் புதுத் தகரம். பஸ் நிற்கிற இடத்தில் ஒரு கூரையும் உட்கார மூன்று வாங்கும். அதுவரை மஸ்கெலியா பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் மழையில் சாக்கைப் போர்த்திக்கொண்டு நின்றார்கள். சபையில் தமிழில் ஒரு எழுத்துக்கூடப் போடாத நோட்டீஸ்களை அவன் ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் பின்சந்தில் நின்று வாசித்து அர்த்தம் சொன்னான். இவ்வளவையும் பார்த்துக்கொண்டு, நான் தேடியது வேறு. கூரை ஒரு மூலையில் ஒழுகியது. விளக்கு ஒன்று மாதத்தில் பாதி நாள் எரியவில்லை. பஸ் நிற்கிற இடத்தில் பெண்களுக்குக் கக்கூஸ் கட்டித் தருகிறேன் என்று முதல் கூட்டத்திலேயே சொன்னான். அது என் வாக்கியம், கைதட்டு வாங்கிய வாக்கியம். அது கட்டப்படவே இல்லை. மூன்று வருஷமும் நான் அதை உள்ளுக்குள் வைத்துக் காத்திருந்தேன்.

எல்லாவற்றையும்விட மோசம் தண்ணீர் பைப். பின்சந்துப் பெண்கள் விடியற்காலையில் குடத்தோடு கீழே ஓடைக்கு இறங்க வேண்டும். மழைக்காலத்தில் வழுக்கும். என் மனைவி கந்தப்பளைத் தோட்டத்துப் பெண்; குளிரும் மேடும் பள்ளமும் அவளுக்குப் புதிதல்ல. இருந்தும் கர்ப்பமாக இருந்தபோது ஒருநாள் வழுக்கி விழுந்து, குடம் நெளிந்து, முழங்கை கிழிந்து வந்தாள். குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. நான் கோபத்தில் சபையைத் திட்டி அரைமணி நேரம் பேசினேன். நன்றாகத்தான் பேசினேன். அவள் முழங்கையில் மஞ்சள் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள். மறுநாள் என்னிடம் சொல்லாமல் அவனிடம் போய்ச் சொல்லியிருக்கிறாள்.

நாலு மாதத்தில் எங்கள் அறைக்கு நேர் எதிரே பைப் வந்துவிட்டது. தண்ணீர் திறந்த அன்று பின்சந்தே கூடி நின்றது. அவன் என் மனைவியைக் கூப்பிட்டு, "தங்கச்சி, நீதான் மொதல்ல தொறக்கணும்" என்றான். அவள் வெட்கப்பட்டுக்கொண்டு திறந்தாள். தண்ணீர் சேறாக வந்து, பிறகு தெளிந்தது.

அதற்குப் பிறகு தினமும் காலையில் அவள் குடத்தை வைத்துவிட்டு வரும்போது ஏதாவது சொல்வாள்.

"அண்ணே மட்டும் இல்லேன்னா நான் இன்னும் ஓடைக்குத்தான் போயிட்டிருப்பேன்."

"சபைப் பணம். அவன் வீட்டுப் பணமா?"

"யாரு வீட்டுப் பணமா இருந்தா என்னங்க? போயி நின்னு கேட்டது யாரு?"

"நானும்தான் பேசினேன்."

"ஆமா. எங்கிட்ட பேசினீங்க" என்றாள்.

அவள் குத்தலாகச் சொல்லவில்லை. அப்படித்தான் நடந்தது, அதைச் சொன்னாள். நான் அன்று அந்தப் பைப்பில் முகம் கழுவவில்லை. ஒரு வாரம் ஓடைக்கே போய்க் குளித்துவிட்டு வந்தேன். குளிர் காய்ச்சல் வந்தது. அவன்தான் டிஸ்பென்சரியிலிருந்து மருந்து வாங்கிக்கொண்டு வந்தான்.

அடுத்த தேர்தல் வந்தது. இந்தத் தடவை எதிரில் நின்றவர் மரம் அறுத்து விற்கும் மரக்காலை முதலாளி. ஆளும் லொறியும் உள்ளவர். அவனுக்கு என் பேனா வேண்டியிருக்கும் என்று நான் காத்திருந்தேன். வந்து கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்றுகூட யோசித்து வைத்திருந்தேன். கொஞ்சம் பிகு பண்ணிவிட்டு எழுதிக் கொடுக்க வேண்டும். அவன் ஒருநாள் காலை என் எழுத்துப் பெட்டிக்கு வந்தான். கையில் நாலு தாள். "மூணு வருஷத்துல என்ன செஞ்சேன்னு எழுதியிருக்கேன். நோட்டீஸாப் போடணும். நீயே கோத்துரு" என்றான்.

வாங்கி வாசித்தேன். அவனே எழுதியிருந்தான். சின்னச் சின்ன வாக்கியம். படிக்கட்டில் இரண்டு விளக்கு போட்டது, அதில் ஒன்று அடிக்கடி அணைகிறது. கூரை போட்டது, மூலை ஒழுகுகிறது. கடைசியில் இப்படி இருந்தது: 'பஸ் நிற்கிற இடத்தில் பெண்களுக்குக் கக்கூஸ் கட்டித் தருவதாகச் சொன்னேன். கட்டவில்லை. மூன்று தடவை கேட்டும் சபையில் என்னால் ஜெயிக்க முடியவில்லை. அது என் குறை.'

மூன்று வருஷமாக நான் பொத்திப் பொத்தி வைத்திருந்த ஒன்றை அவன் தானே எடுத்து ஊருக்கெல்லாம் கொடுக்கப் போகிறான். அதுவும் என்னைவிட நன்றாக எழுதி. என்னால் ஒரு சொல்லைக்கூட மாற்ற முடியவில்லை. மாற்ற வேண்டிய சொல் ஒன்றுமே இல்லை.

"எப்புடி இருக்கு?" என்று கேட்டான். அவன் உண்மையிலேயே கேட்டான். என் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"பரவாயில்ல" என்றேன்.

கோத்தேன். புரூப் எடுத்தேன். அவன் உட்கார்ந்து மூன்று தடவை வாசித்து, ஒரு கால் ஒரு புள்ளி திருத்தி, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தான். தலைப்பு உள்பக்கத்தில் பெரிய எழுத்தில் இருந்தது: 'நகர சபையில் மூன்று வருஷம்.'

அது வெள்ளிக்கிழமை மத்தியானம். அவன் சபை வேலைக்குப் போயிருந்தான். முதலாளி பள்ளிவாசலுக்குப் போய்விட்டார். மெஷினை மிதித்து ஓட்டுகிறவர் ஒரு சிங்களவர். தமிழ் பேசுவார், வாசிக்கத் தெரியாது. அவர் சாப்பிட்டு வர வீட்டுக்குப் போயிருந்தார். அச்சுக்கூடத்தில் நான் மட்டும். கோத்து இறுக்கி வைத்த எழுத்துகளைக் கொஞ்சம் தளர்த்தினேன். க-வையும் ர-வையும் எடுத்தேன். இடம் மாற்றி வைத்தேன். மறுபடியும் இறுக்கினேன். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. இதைச் சொல்லித்தான் ஆக வேண்டும், அப்போது எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

'நரக சபையில் மூன்று வருஷம்.'

மெஷின்காரர் வந்து மிதித்தார். நோட்டீஸ் எல்லாவற்றையும் நானே மடித்தேன், தலைப்பு உள்ளே போகும்படி. நானே கட்டுக் கட்டினேன். சாயங்காலம் அவனுடைய ஆட்கள் வந்து தூக்கிக்கொண்டு போனார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை நோட்டீஸ் கடைவீதி முழுக்கப் போய்விட்டது. பத்து மணிக்குள் சிரிப்பு தொடங்கிவிட்டது. சலூனில் ஒருவர் சத்தமாக வாசிக்க, சோப்பு நுரையோடு இருந்தவர் சிரித்ததில் கன்னம் வெட்டுப்பட்டது. மரக்காலை ஆட்களுக்குக் கேட்கவா வேண்டும்? லொறியில் ஏறிக்கொண்டு, "நரக சபை மெம்பர் வாராரு, வழி விடுங்க" என்று கத்திக்கொண்டு இரண்டு தடவை கடைவீதியைச் சுற்றினார்கள். எனக்குள் மூன்று வருஷப் பாரம் இறங்கியது போல இருந்தது. வாசிகசாலை வாசலில் நின்று நானும் கூடச் சேர்ந்து, ஐயோ பாவம் என்பது போல முகத்தை வைத்துக்கொண்டேன்.

மத்தியானம் பஸ் நிற்கிற இடத்தில் அவனுடைய கூட்டம். அவன் போடவைத்த கூரைக்கு அடியிலேயே. மழை தூறிக்கொண்டிருந்தது. அவன் வாங்கின் மேல் ஏறினான். முகம் வெளிறியிருந்தது. கீழேயிருந்து ஒருவன், "என்ன மெம்பர், நரகத்துலருந்து எப்ப வந்தீங்க?" என்று கேட்டான். கூட்டம் சிரித்து அடங்கும்வரை அவன் நோட்டீஸையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு அதை உயர்த்திப் பிடித்தான்.

"அச்சுப் பிழைன்னு சொல்றாங்க" என்றான். "நானும் அச்சுக் கோக்குறவன்தான். இதுல பிழையே இல்லைங்க. நான் மொதநாளு சபைக்குப் போனப்ப அது நரக சபையாத்தான் இருந்துச்சு. நம்ம பொம்பளைங்க புள்ளத்தாச்சியா குடத்தோட ஓடையில வழுக்கி விழுந்தாங்க. தெருக் கூட்டுற ஆளுங்க ஓட்டக் கூரைக்குக் கீழ குடை புடிச்சுக்கிட்டுத் தூங்குனாங்க. இந்த ரெண்டு எழுத்த இடம் மாத்தத்தாங்க நான் மூணு வருஷமா மல்லுக்கட்டுறேன். இன்னும் சரியா மாறல. கக்கூஸ் கட்டல. மூல ஒழுகுது, பாருங்க, என் மேலயே ஒழுகுது. இன்னொரு தடவ அனுப்புங்க. மாத்திப் பாக்குறேன்."

பிறகு திரும்பி அதையே சிங்களத்தில் சொன்னான். சிங்களத்தில் நரக என்றால் கெட்டது என்று அர்த்தம். நகர சபாவ, நரக சபாவ என்று அவன் சொல்லச் சொல்ல, ரொட்டிக் கடைச் சிங்களவர் துடையைத் தட்டிச் சிரித்தார். முஸ்லிம் கடைக்காரர்கள் கடையை விட்டு இறங்கி வந்தார்கள். ஒழுகுகிற மூலைக்குக் கீழே நனைந்துகொண்டு நின்று அவன் பேசினான். யாரும் எழுதிக் கொடுக்காத பேச்சு. நான் கூட்டத்தின் கடைசியில் நின்றேன். என் உதடு அசையவில்லை.

தேர்தல் நாள்வரை டவுனில் அதே பேச்சுதான். "நரகத்த மாத்துறவருக்குப் போடுங்க" என்று பிள்ளைகள்கூடக் கத்தின. முதல் தடவையைவிட நல்ல வித்தியாசத்தில் ஜெயித்தான்.

நோட்டீஸ் போன மறுநாளே முதலாளி என்னைக் கூப்பிட்டு, "இனிமே தலைப்பு எழுத்த நான்தான் கோப்பேன். நீ கீழ உள்ளத மட்டும் பாரு" என்றார். பெரிய எழுத்துப் பெட்டியை அவருடைய மேசைக்குப் பக்கத்தில் மாற்றி வைத்தார். வருகிறவர் போகிறவர் எல்லாம் பார்க்கும்படி.

அவன் ஜெயித்த வாரம் ஒரு சாயங்காலம் வந்தான். முதலாளி வீட்டுக்குப் போயிருந்தார். அவன் என் எதிரே முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். கொஞ்ச நேரம் என் கை கோப்பதையே பார்த்தான்.

"புரூப்ப நான் மூணு தரம் பாத்தேன்" என்றான். "சரியா இருந்துச்சு."

"இறுக்குறப்ப எழுத்து கழண்டு விழுந்திருக்கும். திருப்பி வைக்கிறப்ப மாறிப்போயிருக்கும்."

"விழுந்து கெடந்தத அவசரத்துல வச்சா தலகீழா நிக்கும், இல்லேன்னா சாஞ்சு நிக்கும். இது ரெண்டும் அழகா நிமிந்து நின்னுச்சு. நல்ல கை வச்ச மாதிரி." அவன் குரலில் கோபம் இல்லை. "ஒன் கைதான் அது. எனக்குத் தெரியாதா?"

நான் கோத்துக்கொண்டிருந்ததை வைத்துவிட்டேன்.

"ஆமா. நான்தான்" என்றேன்.

"ஏன்டா?"

பத்து வருஷத்தையும் எந்த வாக்கியத்தில் தொடங்குவது என்று எனக்குத் தெரியவில்லை. "நான் நிக்க வேண்டிய எடத்துல நீ நிக்கிற" என்றேன் கடைசியில்.

அவன் தலையை ஆட்டினான். "எனக்கு அது தெரியும். மொத நாள்லருந்தே தெரியும். எங்கப்பா ஒரு டின்னு வச்சிருந்தாரு. ஒங்கப்பாகிட்ட அது இல்ல. அவ்வளவுதான் நமக்குள்ள. ஆனா நான் என்ன செய்யட்டும்? நீ நிக்க முடியாதுங்கறதுக்காக நானும் நிக்காம இருக்கவா?"

"கோவமில்லையா ஒனக்கு?"

"வாங்கு மேல ஏறுறப்ப இருந்துச்சு. அப்பறம் ஜெயிச்சிட்டேன்ல" என்று சொல்லிச் சிரிக்கப் பார்த்தான். சிரிப்பு சரியாக வரவில்லை. எழுந்து முக்காலியைப் பழைய இடத்தில் வைத்துவிட்டு, "தங்கச்சிகிட்ட சொல்லிராத. அது தாங்காது" என்று சொல்லிவிட்டுப் போனான்.

அவன் என்னை அடித்திருந்தால் அதோடு தீர்ந்திருக்கும். ஊரில் சொல்லியிருந்தால் நானும் அவனை நாலு வார்த்தை திட்டியிருப்பேன். மன்னிப்பதும் அவனுக்குத்தான் வாய்த்தது. அந்தச் சாயங்காலம் நான் வெட்கப்பட்டேன், அது நிஜம். ஆனால் வெட்கத்துக்குப் பக்கத்திலேயே பழைய பொறாமையும் உட்கார்ந்திருந்தது. இவ்வளவு பெரிய மனசு இவனுக்கு எங்கிருந்து வந்தது, எனக்கு ஏன் வரவில்லை என்று அதற்கும் பொறாமைப்பட்டேன்.

என் மனைவியிடம் நானே சொல்லிவிட்டேன், இரண்டு மாதம் கழித்து. அவள் கேட்டுவிட்டு எழுந்து போய், குடத்தை எடுத்துக்கொண்டு பைப்புக்குப் போனாள். நிறைந்து வழிந்தும் வெகுநேரம் அங்கேயே நின்றாள். திரும்பி வந்து, "நாளைக்கு அண்ணன சாப்பிடக் கூப்பிடுங்க" என்றாள். கூப்பிட்டேன். டேய் என்று சொல்லித்தான் கூப்பிட்டேன். வந்து சாப்பிட்டான்.

இரண்டாம் தடவையில் அவன் கக்கூஸைக் கட்டிவிட்டான். எனக்குப் பிரஜாவுரிமைக்கு மறுபடியும் மனு எழுதி, எங்களைப் பிறந்ததிலிருந்து தெரியும் என்று அவனே சாட்சிக் கையெழுத்துப் போட்டான். அந்தக் கையெழுத்து எவ்வளவு பழகிப் போய், மெம்பர் கையெழுத்தாக, வளைந்து விழுகிறது என்று நான் பார்த்துக்கொண்டு நின்றேன். மனு மறுபடியும் தள்ளுபடியானது. அதைக் கேட்டு என்னைவிட அவன்தான் அதிகம் வருத்தப்பட்டான்.

மூன்றாம் தடவை அவன் தோற்றுப்போனான். காலம் மாறிவிட்டது. மரக்காலை முதலாளி தன் தம்பியை நிறுத்தினார். சிங்கள வோட்டும் முன்னைப் போலக் கலந்து விழவில்லை. தோட்டங்களில் யார் இந்தியாவுக்குப் போவது, யார் இருப்பது என்ற பேச்சு தொடங்கியிருந்தது. பின்சந்தில் யாருக்கும் நகர சபையில் மனமில்லை. முடிவு வந்த அன்று நான் அச்சுக்கூடத்தில் இருந்தேன். அந்தச் செய்தி எனக்கு எவ்வளவு இனிக்கும் என்று வருஷக்கணக்காக நினைத்திருந்தேனோ, அவ்வளவு இனிக்கவில்லை. கொஞ்சம் இனித்தது.

மறு வாரம் அவன் முழுநேர வேலைக்குத் திரும்பி வந்தான். என் பக்கத்து எழுத்துப் பெட்டியில் நின்றான். முதலாளி நாற்காலி தள்ளிப் போடவில்லை. ஆனால் மெம்பர் என்று கூப்பிடுவதை விடவும் இல்லை. இப்போது நாங்கள் இரண்டு பேரும் ஒன்றுதான், பழையபடி, என்று நான் நினைத்தேன்.

மூன்றாம் நாள் காலை ஒரு பெண் வாசலில் வந்து நின்றாள். தெருக் கூட்டுகிறவர்களின் லயத்தைச் சேர்ந்தவள். கையில் ஏதோ கடுதாசி.

"மெம்பர் ஐயா இருக்காங்களா?"

"அவரு இப்ப மெம்பர் இல்லம்மா. தோத்துட்டாரு" என்றேன். சொல்லும்போது என் குரலில் இருந்த திருப்தி எனக்கே கேட்டது.

"தெரியுங்க" என்றாள். "இருக்காங்களா?"

அவன் உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டுதான் இருந்தான். மை பட்ட கையைத் துணியில் துடைத்துக்கொண்டே வெளியே வந்து, அவள் கையிலிருந்த கடுதாசியை வாங்கி, வெளிச்சத்துக்காக வாசற்படியில் உட்கார்ந்தான். அவளுக்குப் பின்னால் இன்னும் இரண்டு பேர் நின்றார்கள். நான் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, முதலாளி வருவதற்குள் முடிய வேண்டுமே என்று, அவன் பாதியில் விட்டுப்போன வரியை எடுத்துக் கோக்கத் தொடங்கினேன்.